கடலோர நகரமைப்பு வேலை: கேள்வி பதில்

கேள்வி: சிவில் முடிக்கப் போகிறேன். மேற்படிப்புக்கு நகரமைப்பா, கடலோரச் சூழல் மேலாண்மையா?

பதில்: எதில் பட்டம் வாங்கினாலும் மற்றதன் வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். நிலவரைபடத்தில் உயரத்தைச் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவார்கள். கடல் வரைபடத்தில் ஆழத்துக்குப் பூஜ்யம் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த ஓத மட்டம் (ஓதம் என்பது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்). இரண்டையும் அப்படியே ஒட்டினால், ஓதம் பெரிதாக இருக்கும் கரைகளில் ஒன்றிரண்டு மீட்டர் பிசகும். தாழ்வான பகுதியில் அந்தப் பிசகு போதும், வெள்ளம் வரும் தெருவுக்கே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கிற ஆளுக்கு வேலை இல்லாமல் போகாது.

கேள்வி: தாவரவியல் படித்தவள் நான். கணக்கு என்றாலே பயம். வரலாமா?

பதில்: தாராளமாக. ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தகவல்களை அலசும் முறை), அடிப்படைப் புள்ளியியல் இரண்டிலிருந்து மட்டும் தப்ப முடியாது. அலையாத்தி நடும் திட்டங்கள் பல தோற்பதற்குக் காரணம், நாளில் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் நடுவது. காலியாக இருக்கும் இடம் அதுதானே! நடுவதற்கு முன்பே தடுத்து நிறுத்த உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

கேள்வி: கடலோர ஊர்கள் மூழ்குவதற்கெல்லாம் கடல் மட்டம் உயர்வதுதானே காரணம்?

பதில்: இல்லை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரி உயர்வு ஏறத்தாழ 20 செ.மீ. வட ஜகார்த்தாவின் சில பகுதிகளில், முக்கியமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதால், தரை ஆண்டுக்குப் பத்து செ.மீ.க்கு மேலும் இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் குழாய்த் தண்ணீர் கொடுப்பதும் கடலோரப் பாதுகாப்புதான். கடல் தடுப்புச் சுவரை மட்டும் உயர்த்திக்கொண்டே போக முடியாது.

கேள்வி: கடல் அரிப்புக்குத் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால் தீராதா?

பதில்: உங்கள் ஊருக்குத் தீரலாம், அடுத்த ஊருக்கு ஆரம்பிக்கும். கரையோரமாக நகரும் மணலை அது மறிக்கிறது. ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பட்டினி. நெதர்லாந்து 2011இல் ஏறத்தாழ 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் கொட்டி, அலையும் காற்றும் பரப்பட்டும் என்று விட்டது. நல்ல யோசனை. ஆனால் அவ்வளவு மணலும் பணமும் எல்லோரிடமும் இருக்காது.

கேள்வி: அரசு வேலையா, ஆலோசனை நிறுவனமா?

பதில்: முதலில் நிறுவனம் என்பேன். பலவகைக் கரைகளைப் பார்க்கலாம், வேகமாகக் கற்கலாம். அப்புறம் அரசுப் பக்கம் போங்கள், அனுமதி மறுக்கும் அதிகாரம் அங்கேதான்.

கேள்வி: களப்பணி நிறைய இருக்குமா?

பதில்: நினைப்பதைவிடக் குறைவு. கோப்பும் கூட்டமும்தான் அதிகம்.