மகள் ஓவியக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாள்

வணக்கம் அம்மா. "நல்லா மார்க் வாங்குற பொண்ணு, ஓவியம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. படம் வரைஞ்சா சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். கஷ்டமான பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓவியம் விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. படிப்பு முடிந்த முதல் சில வருடங்களில் ஒரு மாதம் வேலை குவியும், அடுத்த மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். இதை மகளிடமும் மறைக்காமல் பேசுங்கள்.

சரி, அங்கே அவள் என்னதான் கற்றுக்கொள்வாள்? வரைந்ததைச் சுவரில் மாட்டுவார்கள். "இந்தக் கை ஏன் தோளோடு ஒட்டவில்லை?" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்பார். அவள் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் உட்கார்ந்து திரும்ப வரைய வேண்டும். சில வருடங்கள் இப்படிப் பழகிய பிள்ளைக்கு, குறை சொன்னால் முகம் சுருங்காமல் வேலையைத் திருத்தும் பக்குவம் வரும். கண்ணும் கூர்மையாகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்கு ஓவியங்களை உற்றுப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகளின் புகைப்படங்களில் அறிகுறிகளைக் கவனிக்கும் திறன் கூடியதாக 2001இல் ஆய்வு வெளியானது.

ஸ்பெயினில் பிறந்த நரம்பியல் விஞ்ஞானி ரமோன் இ காஹாலும் ஓவியனாகத்தான் ஆசைப்பட்டார். டாக்டரான அப்பா விடவில்லை, மருத்துவம் படிக்க வைத்தார். பிறகு நுண்ணோக்கியில் பார்த்த நரம்பு செல்களை அவரே வரைந்து வரைந்துதான் அவற்றின் அமைப்பைப் புரிந்துகொண்டார். 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். "பார்த்தீர்களா, அப்பா செய்தது சரி" என்று நீங்கள் சொல்லலாம். அந்த அப்பாவால்கூட அவர் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அனிமேஷன், கேம், செயலிகளின் திரை வடிவமைப்பு, நூல் வடிவமைப்பு, பழைய ஓவியங்களைப் பழுதுபார்ப்பது, ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. இவற்றில் பலவற்றில் மார்க் பட்டியலைவிட போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது இதுவரை செய்த படைப்புகளின் தொகுப்பைத்தான், முதலில் கேட்பார்கள். அதனால் கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசி வருட மாணவர்களின் படைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று வருடம் முன்பு முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

அடுத்த வாரம் அவளையும் அழைத்து வாருங்கள். பரிசு வாங்கிய படங்கள் மட்டும் போதாது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கி வைத்திருப்பாளே, அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.