பால் நிறுத்திய 4 வயதுக் குழந்தை: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. எடை 13.5 கிலோ, உயரம் 98 செ.மீ. நாங்கள் சைவம், ஆறு மாதமாகப் பால், தயிரையும் விட்டுவிட்டோம். வீட்டில் அரைத்த பாதாம் பால், கீரை, சாம்பார் சாதம் கொடுக்கிறேன். பிள்ளை மெலிகிறாள் என்கிறார் மாமியார். மறுபடி பால் கொடுக்கலாமா?

பதில்: எடையும் உயரமும் சராசரிக்குக் கீழே இருந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடப்படி இயல்பு எல்லைக்குள்தான் உள்ளன. வளரும் வேகமே முக்கியம்: இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ., 2 கிலோ கூட வேண்டும். பழைய எடையைத் தடுப்பூசி அட்டையில் பாருங்கள். ஆறு மாதத்தில் அரை கிலோகூட ஏறவில்லை என்றால் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

பால் கட்டாயமில்லை. வைட்டமின் பி12 கட்டாயம். தினத் தேவை 1.2 மைக்ரோகிராம்தான், ஆனால் கீரை, பருப்பு, புளித்த இட்லி மாவு எதையும் நம்ப முடியாது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதும் பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரல் சேமிப்பு தீரும்வரை குறை வெளியே தெரியாது. கீரையில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறையால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம். நரம்புப் பாதிப்பை அது தடுக்காது. விரல் கணுக்களின் மேல் தோல் கறுத்திருக்கிறதா, நாக்கு வழவழப்பாகச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் ரத்த அணுக்கள், பி12 பரிசோதனை செய்து, குழந்தை மருத்துவர் எழுதித் தரும் பி12 மருந்தைத் தொடருங்கள். நீங்களும் அதே உணவென்றால் உங்களுக்கும் பரிசோதனை தேவை.

பாதாம் பால் பாலுக்கு ஈடல்ல. வடிகட்டியதும் புரதமும் கால்சியமும் சொற்பமே மிஞ்சும். கால்சியம் சேர்த்த, சர்க்கரையற்ற சோயா பால் மேல். கால்சியம் அடியில் தங்கும், பாக்கெட்டைக் குலுக்கி ஊற்றுங்கள். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180 மி.கி. கால்சியம் உண்டு, தினத் தேவை 550.

சாம்பாரில் மேல் தெளிவை ஊற்றிப் பிசைந்தால் பருப்பு அடியிலேயே நின்றுவிடும். நாளுக்கு 40 கிராம் பருப்பு அல்லது பயறு (சமைக்கும் முன் எடை) வயிற்றுக்குள் போக வேண்டும். அதில் 9 கிராம் புரதம், மீதியைச் சோறும் இட்லியும் தரும். ஊறவைத்து முளைகட்டி, எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

சின்ன வயிறு நார்ச்சத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால்தான் பல குழந்தைகள் மெலிகிறார்கள். சோற்றில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், எள்ளுப்பொடி, வேர்க்கடலைப் பொடி சேருங்கள். முழுக் கடலை, முழு பாதாம் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தயிர் கொடுக்க உங்களுக்கு மனமிருந்தால் கொடுங்கள். எப்படியானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள்.