லேன் கீப் அசிஸ்ட் ஏன் வேலை செய்யவில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பட்டனை அழுத்தினால் வெள்ளைச் சின்னம் மட்டும் வருகிறது. ஸ்டீயரிங் எதுவும் செய்வதில்லை. பழுதா?

பதில்: இல்லை. லேன் கீப் அசிஸ்ட் என்பது, முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா சாலைக் கோடுகளைப் பார்த்து, கார் லேனை விட்டு விலகாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பும் வசதி. பெரும்பாலான கார்களில் வெள்ளை என்றால் காத்திருக்கிறது, பச்சை என்றால் கோட்டைப் பிடித்துவிட்டது. மஞ்சள் வந்தால்தான் கோளாறு. முதலில் வேகத்தைப் பாருங்கள். ஹோண்டா சிட்டி ஹைபிரிடில் 72 கி.மீ. வேகம் தேவை; வேறு பல மாடல்களில் 60-ஐ ஒட்டித் தொடங்கும். இண்டிகேட்டரோ ஹசார்டு லைட்டோ எரிந்தால் பல கார்களில் இந்த வசதி விலகிக்கொள்ளும். மழையில் ஹசார்டு போட்டு ஓட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் இண்டிகேட்டரும் தெரியாமல் போகும். புதுத் தார் போட்டுக் கோடு வரையாத சாலையில் பெரும்பாலான கார்களில் வராது.

கேள்வி: கல் அடித்து முன்கண்ணாடி மாற்றினோம். அன்று முதல் மஞ்சள் விளக்கு. கேமராவையே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: அவசரப்பட வேண்டாம். கண்ணாடி மாற்றும்போது கேமராவைக் கழற்றி மாட்டுகிறார்கள். அதன் பார்வை 1 டிகிரி திரும்பினாலே 50 மீட்டர் தொலைவில் சுமார் 87 செ.மீ. தள்ளிப்போகும், 3.5 மீட்டர் லேனில் அது கால் பங்கு. அதனால் காலிபரேஷன், அதாவது கேமராவின் பார்வையைச் சரியான திசைக்கு ஒத்திசைப்பது, கட்டாயம். சில கார்களுக்குச் சமதளத்தில், கம்பெனி சொன்ன தூரத்தில் டார்கெட் போர்டு (கேமரா பார்ப்பதற்கான குறிப் பலகை) வைத்துச் செய்வார்கள். சிலவற்றுக்கு ஸ்கேனரை (காரின் கணினியைப் படிக்கும் சர்வீஸ் கருவி) மாட்டி, கோடு தெளிவான சாலையில் ஓட்ட வேண்டும். அதற்கு முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலியாக இருக்கட்டும். கேமராவைத் தாங்கும் பிராக்கெட் முழுதாக உட்காராததும், கேமராவுக்கு நேரே கண்ணாடியின் உட்புறம் கைரேகை படிந்திருப்பதும் அடிக்கடி காணும் தவறுகள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 'காலிபரேஷன் முடியவில்லை' என்ற பிழைக் குறியீடு (code) மட்டும் இருந்தால் கேமராவில் குறை சொல்ல முடியாது. கேமராவோடு தொடர்பே இல்லை என்று காட்டினால் முதலில் கனெக்டர், ஃபியூஸ் பார்க்க வேண்டும். விலை குறைந்த ஓபிடி டாங்கிள் (காரின் சர்வீஸ் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி) பெரும்பாலும் இன்ஜின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபாஸ்டேக் ஒட்டிய பிறகு நின்றுவிட்டது.

பதில்: காருக்கு வெளியே நின்று ரியர் வியூ மிரருக்குப் பின்னால் பாருங்கள். கறுப்புப் பட்டைக்கு நடுவே கேமராவுக்கென விட்ட சிறு ஜன்னல் தெரியும். ஸ்டிக்கரின் ஓரம்கூட அதன்மேல் படக் கூடாது. உரித்து மறுபடி ஒட்ட முடியாது, டேக் செத்துவிடும். வங்கியில் மாற்று டேக் வாங்கித் தள்ளி ஒட்டுங்கள்.

கேள்வி: மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தால் மட்டும் வேலை செய்வதில்லை.

பதில்: கேமரா சூடேறியிருக்கும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஆறியதும் தானே வரும்.

கேள்வி: வீல் அலைன்மென்ட் செய்த பின் வரவில்லை.

பதில்: நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் சற்றே சாய்ந்து நிற்கிறதா? அப்படியானால் அலைன்மென்ட்டைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பிறகு, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரின் பூஜ்ஜியத்தை ஸ்கேனரில் பதிய வைக்க வேண்டும். வரிசை மாறினால் அந்தச் சாய்வையே கார் நேர் என்று எடுத்துக்கொள்ளும்.