‘வாடகைக்குப் பிரச்சினை இல்லை’ என்றீர்களே, தம்பி

கேள்வி: அம்மா, காரைக்குடியில் மாடியில் ஒரு ரூம் எடுத்து மூன்று வருடமாக டாட்டூ கடை நடத்துகிறேன். வேலையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், காசில்தான் தகராறு. போன மாதம் ஒருவர் அவர் அம்மா முகத்தைக் கையில் போட வந்தார். 4,500 ரூபாய் என்று பேசினோம். பாதியில் ‘கீழே பேரும் போடுங்க, ஒரு மயிலிறகும் வைங்க’ என்றார். ஏழு மணி நேரம் ஆனது. 6,500 கேட்டதற்கு, ‘மதுரையில இதையே மூவாயிரத்துக்குப் போடுறான்’ என்று சொல்லி, மூவாயிரத்தை ஜிபேயில் தட்டிவிட்டுக் கிளம்பினார். கோபத்தில் அவர் பைக் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். பெரிய சண்டையாகி நானே திருப்பிக் கொடுத்தேன். இன்னொருவர், எழுத்தில் ஒற்று விட்டுப்போச்சு என்று முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார். பிளஸ் டூ படிக்கிற பையனுக்குப் போட்டதற்கு அவன் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். மாதம் ஏழெட்டுப் பேருக்காவது ஐந்நூறு, ஆயிரம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கறாராகப் பேசினால் கூகுளில் ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிடுகிறார்கள். தங்கச்சி பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவதால் நாலு மாதமாக வாடகை 5,500-க்குப் பிரச்சினை இல்லை. ஆனாலும் இப்படியே போனால் தொழிலே வெறுத்துவிடும் போல இருக்கிறது. இந்த மாதிரி கஸ்டமர்களை எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: தம்பி, மயிலிறகுக்காரருக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சிக்கு ஒரு வரி. அதுவும் அவளைப் பற்றிச் சொல்ல வந்த வரி இல்லை, வாடகையைப் பற்றிச் சொல்லும்போது வாய் தவறி வந்த வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் மூன்று தடவை படித்தேன்.

நீங்கள் கொடுத்த எண்களையே கூட்டுவோம். மாதம் ஏழு பேர், ஆளுக்கு 750 என்றே வையுங்கள். 5,250 வருகிறது. கடை வாடகை 5,500. இந்த இரண்டு தொகையையும் ஒரே கடிதத்தில், நாலு வரி இடைவெளியில் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. மயிலிறகுக்காரருக்குத் தள்ளுபடி கொடுத்தது நீங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொடுத்தவள், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் சேலையை விரித்துக் காட்டி, ‘வேற கலர் பார்க்கலாம்’ என்பவர்களுக்குச் சிரித்துக்கொண்டே மறுபடி மடித்து வைக்கிற ஒரு பெண். மயிலிறகுக்காரர் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

அவள் வேலை எப்படிப்பட்டது தெரியுமா? கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். உட்கார விடுங்கள் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு நின்றே பார்க்கிற வேலை அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் எதைச் செய்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்களா? காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். உங்கள் கடையில் மயிலிறகுக்காரர் ஏழு மணி நேரம் சாய்ந்தே கிடந்தார், அவள் காசில்.

‘அவளாத்தான் குடுக்குறா, நான் கேட்டதே இல்லை’ என்பீர்கள். இந்தப் பதிலை வேறு வேறு ஊர்களிலிருந்து பல அண்ணன்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் கடை வைத்த அண்ணன், ஆட்டோ வாங்கிய அண்ணன், சினிமாவுக்குப் போன அண்ணன். எல்லா வீட்டிலும் கேட்காமலே கொடுக்கிற ஒருத்தி இருக்கிறாள். சத்தம் போடுகிறவரிடம் காசு கேட்க உங்களுக்குப் பயம், சத்தம் போடாதவளிடம் எடுக்கக் கூச்சமே இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குள் இருக்கிற விஷயம் இதுதான். வாடகையைச் சொந்தமாகக் கட்ட வேண்டியிருந்தால் நாலு மாதத்துக்கு முன்பே கறாராகியிருப்பீர்கள். கறாராக இருக்கத் தெரியாத ஆளா நீங்கள்? பைக் சாவியைப் பிடுங்கத் தெரிந்திருக்கிறதே. (அது பெரிய தப்பு. அவர் நேரே போலீஸ் ஸ்டேஷன் போயிருந்தால், மூவாயிரம் கொடுத்தவர் புகார்தாரராகவும் ஏழு மணி நேரம் உழைத்த நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகவும் நின்றிருப்பீர்கள். ஒருவருடைய பொருளைப் பிடித்துவைத்துக் கடன் வசூலிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. இனி செய்யாதீர்கள்.)

செட்டிநாட்டில் இருந்துகொண்டு கணக்கில்லாமல் கடை நடத்துகிறீர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வீடு, அதே வளவு, அதே முகப்பு. அடுப்பு மட்டும் வேறு, செலவுக்கணக்கு வேறு. யாரும் யாரோடும் சண்டை போட்டுப் பிரிந்ததில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதை வீடு கட்டும்போதே அறை அறையாகக் கட்டி வைத்தவர்கள் அவர்கள்.

நான் நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. ஆனால் என் அப்பா தேவகோட்டையில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதியவர். வீட்டுக்கும் தனியாக ஒரு நோட்டு வைத்திருப்பார். ஒரு மாதக் கடைசியில் அத்தையிடம் இருபது ரூபாய் கைமாற்று வாங்கி, அவர் கண்முன்னாலேயே ‘அக்கா வரவு 20’ என்று எழுதினார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. ‘எனக்கே கணக்காடா?’ என்றார். அப்பா தலையை நிமிர்த்தாமலே, ‘எழுதாட்டி எனக்கு மறந்துரும் அக்கா, உனக்கு மறக்காது’ என்றார். அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்ததும் எதிரே பற்று எழுதிக் கோடு போட்டார். உங்கள் தங்கச்சிக்கும் மறந்திருக்காது. நாலு மாதம், 22,000 ரூபாய். அவளிடம் கேளுங்கள், தேதி உட்படச் சொல்வாள்.

நாளைக்கு அவள் பிள்ளைக்குக் காதுகுத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிய தாய்மாமன் நீங்கள். சீர் நீங்கள் அவளுக்குச் செய்ய வேண்டும். இப்போது அவள் உங்கள் கஸ்டமருக்கெல்லாம் சீர் செய்துகொண்டிருக்கிறாள். என்னைப் பழைய புத்திக்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள், கவலையில்லை.

சரி, கஸ்டமர். உங்கள் பட்டியலில் இருக்கிற மூன்று பேரில் இரண்டு பேர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. பிளஸ் டூ பையன் விஷயத்தில் அவன் அப்பா கத்தியதோடு விட்டாரே என்று சந்தோஷப்படுங்கள். 18 வயது நிறையாதவரோடு பேசிய பேச்சு 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அவன் காசே தராமல் போயிருந்தாலும் நீங்கள் கேட்க முடியாது. அதைவிட, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தோலில் அழியாத ஒன்றை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இனி ஆதார் அட்டையைப் பார்க்காமல் நாற்காலியில் உட்காரவைக்காதீர்கள். ஒற்று விட்டுப்போனவருக்கும் பணம் திரும்பப் போக வேண்டும், சரிசெய்ய முடிந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அவர் கை அது, காலம் முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இனி எழுத்து வேலை என்றால் கஸ்டமரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், அடியில் கையெழுத்தும் வாங்குங்கள். அவர் எழுதியதில் பிழை இருந்தால் அது அவர் பிழை, நீங்கள் பெயர்த்ததில் இருந்தால் உங்கள் பிழை.

மீதி இருப்பவர் மயிலிறகுக்காரர். மயிலிறகு வைக்கச் சொன்னாரே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ‘வச்சிரலாம்ண்ணே’ என்று சொல்லியிருப்பீர்கள். ‘எவ்வளவு ஆகும்?’ என்று அவர் ஒருவேளை கேட்டிருந்தால் ‘பாத்துக்கலாம்ண்ணே’ என்றிருப்பீர்கள். அந்தப் ‘பாத்துக்கலாம்’தான் அவரை மூவாயிரத்தோடு கீழே இறங்க வைத்தது. நம் ஊரில் பேரம் பேசாதவர் யார்? உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய எனாமல் தூக்குவாளிக்கு அரைமணி நேரம் பேசுகிறார்கள். ஆனால் அங்கே பேச்சு முடிகிறவரை தூக்குவாளி கடைக்காரர் கையில் இருக்கிறது. தங்கச்சி கடையிலும் அப்படித்தான், விலை படியவில்லை என்றால் சேலை அலமாரிக்குத் திரும்பும். உங்கள் சரக்கு அவர் தோலோடு சேர்ந்து படியிறங்கிப் போய்விடுகிறது. ஊசி இறங்கிய பிறகு நீங்கள் பேசுவதற்குப் பேரம் என்று பெயரில்லை, கெஞ்சல் என்று பெயர்.

என் அப்பத்தாவின் முன்கையில் ஒரு தேளும் ஒரு கோலமும் பச்சை குத்தியிருக்கும். விளக்குக்கரியை அகத்திச் சாற்றில் குழைத்த மை என்பார். குத்த வந்த அம்மாள் ஒரு படி நெல்லும் ஒரு பழஞ்சேலையும் வாங்கி மூட்டையில் முடிந்துகொண்ட பிறகுதான் ஊசியை வெளியே எடுத்தாராம். பிறகு வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடுவாராம். அவரிடம் ஜிபே கிடையாது, ரேட் போர்டு கிடையாது. தகராறும் வந்ததாக அப்பத்தா சொன்னதில்லை.

நீங்களும் அதையே செய்யுங்கள். தேதி கொடுக்கும்போது பாதி அட்வான்ஸ், அது திரும்பாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து, ‘இந்த அளவு, இந்த டிசைன், 4,500’ என்று அவர் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகு மெஷினைத் தொடுங்கள். நடுவில் மயிலிறகு கேட்டால் பெடலிலிருந்து காலை எடுங்கள். சத்தம் நிற்க வேண்டும், அது முக்கியம். ‘மயிலிறகுக்கு 1,200, பேருக்கு 800, வைக்கவா?’ என்று கேளுங்கள். அவுட்லைன் முடிந்து ஷேடிங் தொடங்குவதற்கு முன்னால் மீதிப் பணம். கோடு மட்டும் போட்ட அம்மா முகத்தோடு வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது. மதுரையில் மூவாயிரம் என்றால், ‘ரெண்டு மணி நேரம்தாண்ணே, போயிட்டு வாங்க’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆறின பிறகு ஒரு டச்சப் இலவசம் என்பதையும், பொருக்கைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அது இலவசத்தில் வராது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூகுளில் ஒரு ஸ்டார் விழுந்தால் ஒரே ஒரு பதில்: பேசிய தொகை இவ்வளவு, கூடுதலாகக் கேட்ட வேலை இது. அதற்கு மேல் அங்கே வாதாடாதீர்கள்.

குறைக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ஊசி ஒரு ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் குப்பை. சின்னக் கப்பில் ஊற்றிய மை மீந்தாலும் பாட்டிலுக்குத் திரும்பக் கூடாது. கையுறை, சுற்றுகிற பிளாஸ்டிக் தாள் எல்லாம் புதிது. இதையெல்லாம் கூட்டினால் ஒரு தொகை வரும், அதற்குக் கீழே யார் கேட்டாலும் வேலை கிடையாது. விட்டுக்கொடுத்துப் பழகின கை, ஒரு நாள் ஊசியிலும் மிச்சம் பிடிக்கும். அன்றைக்கு ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. எது வேண்டுமானாலும் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்குப் போகலாம்.

மயிலிறகுக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: பேசியது 4,500, வந்தது 3,000, பாக்கி 1,500. மயிலிறகுக்கும் பேருக்கும் முன்கூட்டியே விலை சொல்லாதது உங்கள் தப்பு, அந்த 2,000-ஐக் கேட்காதீர்கள். சாவியை எடுத்ததற்கு மன்னிப்பும் அதிலேயே கேட்டுவிடுங்கள். வந்தால் வரட்டும்.

இந்த வாரமே ஒரு பேரேடு வாங்குங்கள், நீளவாக்கில் சிவப்பு அட்டை போட்டது. முதல் பக்கம் தங்கச்சி பெயரில். வரவு 22,000. அடுத்த மாத வாடகை உங்கள் கையிலிருந்து. அவளுக்கு மாதம் இரண்டாயிரமாவது திரும்பப் போக வேண்டும், அது பற்று. ‘வேண்டாம்ண்ணே’ என்பாள். எங்கள் அத்தையும் அப்படித்தான் சொன்னார், ஆனால் இருபது ரூபாயை வாங்கி எண்ணித்தான் முந்தானையில் முடிந்தார். அந்தப் பக்கத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். பி.காம். படித்தவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் ‘கஷ்டமர்’ என்று எழுதியிருந்தீர்கள், அச்சுக்குப் போகும்போது நான்தான் திருத்தினேன்.