பின்சீட்டில் யார் உட்காருவார்கள்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். பழைய கார்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நடுத்தரக் குடும்பங்களின் கார்களை அவரவர் ரசனைக்கு ஏற்ப மலிவு விலையில் மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றை நானும் நண்பரும் தொடங்க நினைக்கிறோம். செல்பேசிச் செயலியில் நாற்பது வண்ணங்கள், சக்கர வடிவங்கள், உட்புற அலங்காரங்கள் இருக்கும். தேர்ந்தெடுத்தால் வீட்டுக்கே வந்து பொருத்திவிடுவோம். இந்தியாவில் இதற்குச் சந்தை இருக்கிறதா? நம் மக்களுக்குக் காரைத் தனித்துவமாக வைத்துக்கொள்ளும் ரசனையே இல்லை என்கிறார் நண்பர். வேலையை விடலாமா என்று குழப்பமாக இருக்கிறது.

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

சந்தை நிலவரத்தைக் கதை எழுதுகிறவனிடம் கேட்கிறீர்கள். நான் பங்குகளில் போட்ட பணம் என்ன ஆனது என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் ஒரு சீட் கவர் கடையிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியே வந்திருந்தேன். அதனால் இந்தப் பதில்.

நண்பரை ஒரு சனிக்கிழமை மாலை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பூஜை போட்ட சந்தனம் காயாத கார்கள் அங்கே சீட் கவருக்கும் மிதியடிக்கும் ஸ்டீரியோவுக்கும் காத்து நிற்கும். பெங்களூரில் ஜே.சி. ரோடு, டெல்லியில் கரோல் பாக். கையில் காசு குறைவென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள். எதுவுமே முடியாதவர்கூட டாஷ்போர்டில் ஒரு பிள்ளையாரை ஒட்டி, பின் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரை எழுதிவிடுகிறார். காரை வாங்கியபடியே ஓட்டுகிற ஆள் நம் நாட்டில் அபூர்வம். ரசனை இல்லையாம்!

தனித்துவம் என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கம்பெனிகள் ஒரே காரை நாலைந்து படிகளாகப் பிரித்து விற்கின்றன. கீழ்ப்படிக்காரனுக்குக் கதவுக் கைப்பிடி கறுப்பு, சக்கரத்துக்கு மூடி கிடையாது, பாட்டுப்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொந்து. டாப் மாடலுக்கும் அதற்கும் லட்சக்கணக்கில் வித்தியாசம். அவன் பேஸ் மாடலை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போகிறான். கைப்பிடிக்கு வண்டியின் நிறத்தில் பெயின்ட், வீல் கப், பின்கதவுகளுக்குப் பவர் விண்டோ. கடைசியில் பின்னால் இருக்கும் ‘எல்எக்ஸ்ஐ’ என்ற கீழ்ப்படி எழுத்தைப் பிடுங்கிவிட்டு ‘இசட்எக்ஸ்ஐ’ என்று மேல்படி எழுத்தை ஒட்டிக்கொள்கிறான். எதிர்வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவன் கவலை. இந்த ஆளிடம் போய் நாற்பது வண்ணங்களை நீட்டுகிறீர்கள்.

‘மலிவு’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதிவிடவும் வேண்டாம். ஸ்கூட்டரில் நான்கு பேராக ஒண்டிப் போகும் குடும்பங்களை நினைத்து ரத்தன் டாட்டா கொண்டுவந்த நானோ 2009இல் லட்ச ரூபாய்க் கார் என்றே பேர் வாங்கியது. 2018இல் உற்பத்தி நின்றது. மிக மலிவான கார் என்று அதற்குப் பெயர் விழுந்ததைப் பற்றி அவரே பின்னாளில் வருத்தப்பட்டார். இருபது கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுகிறவர்தான் நம் ஆள். ஆனால் மலிவாக வாங்கினார் என்று ஊர் சொல்லக் கூடாது.

சட்டத்தைப் படித்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள பொறியாளருக்கு நான் சொல்லவேண்டியிருக்கிறது. பதிவுச் சான்றிதழில் இருப்பது, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இலேயே நீதிமன்றம் தடுத்துவிட்டது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக்கு 2017இல் மத்திய அரசு தடை போட்டது. அது பாதசாரியின் எலும்பை உடைக்கும், ஏர்பேக்கையும் குழப்பும். எதிரே வருகிறவனைக் குருடாக்கும் முகப்பு விளக்கையும் ஊரை எழுப்பும் சைலன்சரையும் நீங்கள் விற்றால் என் தளத்தைப் படிப்பதை நிறுத்திவிடுங்கள். நானும் யோக்கியன் இல்லை. விலை குறைவு என்று ஒயரை வெட்டி ஒட்டி ஒரு ஸ்டீரியோ மாட்டிக்கொண்டு, கோவில்பட்டி தாண்டி டாஷ்போர்டிலிருந்து புகை வர, நடுரோட்டில் குடும்பத்தோடு இறங்கி நின்றவன்.

அந்தக் கடுமையான பிரிவிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. உடல் ஊனமுற்றவருக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொள்ளலாம், ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு மனிதரைத் தேடினேன். வண்ணம் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, உட்காருகிறவர் இல்லை.

1997இல் திருநெல்வேலியில் என் மாமா ஒரு பழைய மாருதி 800 வாங்கினார். ஏ.சி. கிடையாது. சீட் கிழிந்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குஷன் கடை. ஒரு தையல் எந்திரம், சுவரில் சாய்த்த ரெக்சின் சுருள்கள், பஞ்சுத் தூசிக்கு நடுவே கடைக்காரர் பாய். மாமா சிவப்பு வேண்டும் என்றார், நான் கறுப்பு என்றேன். பாய் இரண்டையும் காதில் வாங்கவில்லை. “பின்சீட்டில் யார் உட்காருவார்கள்?” என்று கேட்டார். ஆச்சி என்றோம். “அழைத்து வாருங்கள்” என்றார். சீட் தைக்க ஆச்சி எதற்கு என்று மாமாவுக்கு எரிச்சல்.

மறுநாள் ஆச்சி வந்தாள். பாய் அவளை மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னார். ஒரு வார்த்தை பேசாமல் கதவோரம் குந்தி உட்கார்ந்து அவளுடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அவள் முன்சீட்டின் முதுகைப் பிடிக்கப் பார்த்ததும் கை வழுக்கியதும் அவர் கண்ணில் பட்டன. நாங்கள் யாரும் அதுவரை அதைக் கவனித்ததில்லை. இடது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை உயரமாக ஃபோம் வைத்தார். முன்சீட்டின் பின்புறத்தில் கெட்டி நாடாவால் ஒரு பிடிவார் தைத்தார். நிறம்? இருந்ததில் கெட்டியானது கரும்பச்சை, அதையே போட்டுவிட்டார். மாமா ஒரு மாதம் முணுமுணுத்தார். ஆச்சி அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அந்த வாரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்கினாள். பிடித்துப் பிடித்து நாடா கறுத்துப் பளபளத்தது.

போன வாரம் நான் கோபித்துக்கொண்ட கடையில், என் மனைவிக்கு முழங்கால் வலி, சீட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்றேன். கடைப்பையன் செல்பேசியை நீட்டி, “மூன்று டிசைன் இருக்கிறது சார், எது பிடித்திருக்கிறது?” என்றான். அவன் காட்டிய உறையை இழுத்து மாட்டினால் சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஏர்பேக் விரியுமா என்று கேட்டேன். “எல்லோரும் போடுகிறார்கள் சார்” என்றான்.

ஆச்சி போன மறு வருடம் மாமா காரை விற்றார். அந்த வாரை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று வாங்க வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் பின்சீட்டில் ஏறி, வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும், என் அம்மாவுக்கு ஆகும்” என்றார்.

உங்கள் சந்தையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். என் மனைவிக்கு வலி இடது முழங்காலில். பெரும்பாலும் முன்சீட்டில்தான் உட்காருவாள். நிறம் எதுவானாலும் சரி.

அன்புடன்.