பால் பத்தலையா? நனைந்த துணியை எண்ணுங்கள்

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். பால் ஊற மூணு நாளாகும், அதுவரைக்கும் சீனித்தண்ணி தொட்டு வைக்கணும் என்கிறார் எங்கள் ஆத்தா. டாக்டர் எதுவும் தரக்கூடாது என்கிறார். பிள்ளை பசியில் அழுதால் என்ன செய்வது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: டாக்டர் சொல்வதையே கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. இருந்தாலே பச்சைப்பிள்ளைக்குப் போதும். சீனித்தண்ணியில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் பால் ஊறுவதும் தள்ளிப்போகும். தேனை ஒரு வயது வரை நாக்கில் தடவவே கூடாது. கழுதைப்பாலும் வேண்டாம். வெயில் காலமானாலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை.

ஆத்தாவுக்கு வேறு வேலை கொடுங்கள். பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து வைத்திருப்பீர்களே, அதில் எத்தனை துணி நனைகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3. ஐந்தாம் நாளுக்கு மேல் 6-க்குக் குறையக் கூடாது. கருப்பாகத் தார் போல வந்த மலம் அதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. இந்தக் கணக்கில் தெரியும். (டயப்பர் போட்டால் இது சரியாகப் பிடிபடாது.) 3 கிலோ பிள்ளை முதல் சில நாளில் 200 கிராம் வரை இளைப்பது வழக்கம்தான், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். 300 கிராம் குறைந்தாலோ, துணி நனைவது குறைந்தாலோ, எழுப்பியும் பால் குடிக்காமல் தூங்கினாலோ, மஞ்சள் காமாலை கால்வரை இறங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மீன் புட்டும் பூண்டும் தாராளமாகக் கொடுங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது. ஆனால் பால் பெருகுவது, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை மார்பு காலியாவதால்தான்.

கேள்வி: சிசேரியன் ஆகி 12 நாள். காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. பால் கொடுக்கும் நேரம் வந்தாலே பயமாக இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொள் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, புதுவயல்

பதில்: பல்லைக் கடிக்க வேண்டாம், பிள்ளை பிடிக்கும் விதத்தை மாற்றுங்கள். முதல் சில நொடி சுருக்கென்று இழுப்பது சகஜம். அதற்குப் பிறகும் வலித்தால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். குடித்து முடித்ததும் காம்பு ஒரு பக்கம் சப்பையாகி வெளுத்திருந்தால் சந்தேகமே இல்லை.

தையல் உறுத்தாதிருக்க ஒருக்களித்துப் படுங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். கழுத்தை மட்டும் திருப்பிக் குடிக்கவைக்கக் கூடாது. பிள்ளையின் மூக்குக்கு நேராகக் காம்பு. மேலுதட்டில் காம்பால் தடவுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும்வரை காத்திருங்கள். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். திறந்ததும் முதுகைப் பிடித்து இழுத்து அணையுங்கள். பின்தலையை அழுத்தினால் பிள்ளை முரண்டு பிடிக்கும். தாடை முதலில் மார்பில் பட வேண்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழ்ப்பக்கம் வாய்க்குள் போயிருக்க வேண்டும். கன்னம் குழியாமல் உப்பியிருந்து, விழுங்கும் சத்தம் கேட்டால் சரி. வலித்தால் அப்படியே பிடுங்காதீர்கள்; சுண்டு விரலைக் கடைவாயில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி கொடுங்கள்.

குடித்தபின் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றாட விடுங்கள். சோப்பு வேண்டாம். மூன்று நாளில் குறையாவிட்டால் பிள்ளையின் நாக்குக்கு அடியில் ஒட்டு உண்டா, வாயில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பால் கட்டிக் கல்லாகிவிட்டது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டலாமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: கூடாது. மல்லிகை பாலை வற்ற வைக்கும். வேலூரில் இதை ஆராய்ந்து 1988-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவதும் வீக்கத்தைக் கூட்டும். கொடுக்கும் முன் சில நிமிடம் வெந்நீர்த் துணி. பிறகு காம்பைச் சுற்றி விரல்களை வைத்து, நெஞ்சு நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கருவட்டம் இளகினால்தான் பிள்ளையால் பிடிக்க முடியும். குடித்த பின் குளிர்ந்த துணி. ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் போங்கள். அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.