நகர சபை, பிரதேச சபை அலுவல்கள்: மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

சபைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் பிழையான கந்தோருக்குப் போனவர்கள். மற்றவர்களுக்கு ஏதோ ஒரு கடதாசி குறைந்திருக்கும். அடிக்கடி வரும் சில கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மதிப்பீட்டு வரியை முன்கூட்டியே கட்டினால் எவ்வளவு கழிவு?

முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டினால் 10 சதவீதம். காலாண்டு தோறும் கட்டுகிறவர்கள் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். பழைய நிலுவை இருந்தால் கட்டும் பணம் முதலில் அதற்கே வரவு வைக்கப்படும். ஆகவே டிசம்பரிலேயே நிலுவைக் கணக்கைக் கேட்டு முடித்துவிடுங்கள். தொடர்ந்து கட்டாமல் விட்டால் வீட்டுப் பொருட்களைக் கைப்பற்றும் பற்றாணை வரையில் போகும், அதன் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

அப்பா காலமாகிவிட்டார். வரி இடாப்பில் என் பெயரைப் பதிந்துவிட்டேன். இனி வீடு எனக்குத்தானே?

இல்லை. அந்த இடாப்பு, வரியை யாரிடம் கேட்பது என்று சபை வைத்திருக்கும் கணக்கு மட்டுமே. உரிமையைச் சொல்வது காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட உறுதி. மரண சாசனம் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், பொதுச் சட்டப்படி அம்மாவுக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. வரிப் பற்றுச்சீட்டை மட்டும் நம்பி வீட்டை விற்கவோ, ஈடு வைக்கவோ போகாதீர்கள். நொத்தாரிசைச் சந்தித்துப் பங்குகளைத் தீர்த்து, உறுதியைப் பதிந்த பின் அதன் பிரதியோடு சபைக்கு வாருங்கள்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி இரண்டு அறை கட்டப்போகிறேன். பிளான் பாஸ் பண்ண எங்கே தொடங்குவது?

வரைபடம் கீறுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையைப் பெறுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் அந்த நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் சபை கட்டட அனுமதி கொடுக்காது. பலர் முதலில் படம் கீறக் காசு கொடுத்துவிட்டு, அறிக்கை வந்ததும் அறையின் இடத்தையே மாற்ற வேண்டி வந்து இரண்டாம் முறையும் கீறுகிறார்கள்.

உறுதியின் பிரதியையும் நில அளவைப் படத்தையும் முதலில் எடுத்து வையுங்கள். பிறகு சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ், அதாவது வீதிக்கென்று விட வேண்டிய எல்லை எதுவென்று காட்டும் கடதாசி. அடுத்து மேற்சொன்ன அறிக்கை. அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்கு ஏற்பத் தகைமையுள்ள ஒருவரிடம் வரைபடம் கீறி, வரிப் பற்றுச்சீட்டையும் இணைத்து விண்ணப்பத்தை ஒப்படைக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்க்க வரும் நாளில் எல்லைக் கற்கள் கண்ணுக்குத் தெரியும்படி புல்லை வெட்டி வைத்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பங்கள் திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: கட்டடம் வீதிக்கோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அறைக்குப் போதிய ஜன்னல் இராது, மலசலகூடக் குழி கிணற்றுக்கோ ஊற்றுக்கோ கிட்ட இருக்கும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது விடுங்கள். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடங்களில் துண்டு பிரிக்கும் காணி பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சஸுக்கு, குறையக்கூடாது. அனுமதி ஓராண்டுக்குத்தான். வேலை முடியவில்லையென்றால் காலம் முடிவதற்கு முன்பே நீடிக்கக் கேளுங்கள். கட்டி முடித்ததும், அனுமதித்தபடியே கட்டியதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழை மறக்காமல் எடுங்கள். வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இனி, மண்மேடு. இதைக் கடதாசி வேலையாக மட்டும் நினைக்காதீர்கள். மலையகத்தில் வீட்டின் பின்சுவரோடு சேர்த்து உயிர்களும் போவது பெரும்பாலும் செங்குத்தாக வெட்டிவிட்ட மேட்டால்தான். மழைக்காலத்தில் வெட்டவே வேண்டாம். தடுப்புச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் அந்த அழுத்தமே அதைத் தள்ளிவிடும். 3 அங்குலக் குழாய்களை 4, 5 அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சரியும்படி வையுங்கள். சுவருக்குப் பின்னால் மண்ணை நேரே கொட்டாமல் கருங்கல் சல்லி ஒரு படை போடுங்கள். மழை ஓய்ந்த மறுநாள் குழாய் வாய்களைப் பாருங்கள்: சுவர் ஊறி ஈரமாக இருக்க, குழாய் காய்ந்து கிடந்தால் உள்ளே அடைத்துவிட்டது என்று அர்த்தம். மேட்டுக்கு மேலே மலசலகூடக் குழியோ, பீலியில்லாத கூரைத் தண்ணீரோ இருந்தால் எந்தச் சுவரும் நிலைக்காது. மேட்டின் உச்சியில் ஒரு கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் இறக்குங்கள்.

எங்கள் பாதையில் போட்ட தார் ஒட்டு மூன்று மாதத்தில் பெயர்ந்துவிட்டது. யாரிடம் முறையிடுவது?

முதலில் பாதை யாருடையது என்று பாருங்கள். ஹட்டன் வழியாகப் போகும் ஏ-7, பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளைப் பக்கம் போகும் ஏ-5 போன்ற ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அவை நகரத்தின் நடுவால் போனாலும் அப்படித்தான். சி, டி வகை மாகாணத்துக்குரியவை. அதற்குக் கீழே உள்ளவை சபைக்கு, தோட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்துக்கு.

ஒட்டு பெயர்வதற்குத் தாரைக் குறை சொல்வார்கள். எங்கள் பகுதிகளில் பெரும்பாலும் காரணம் கான். பக்கக் கான் மண்ணும் பொலித்தீனும் அடைத்துக் கிடந்தால் மழைத் தண்ணீர் பாதை மேலால் ஓடி, ஒட்டின் விளிம்பால் உள்ளே இறங்கும். குழியின் விளிம்பைச் சதுரமாக, செங்குத்தாக வெட்டி, தூசியும் ஈரமும் போகத் துப்புரவாக்கி, அடியிலும் பக்கங்களிலும் தார்க்கலவை பூசி, கலவையைப் படைபடையாக இறுக்க வேண்டும். ஈரக்குழிக்குள் கொட்டி லொறிச் சக்கரத்தால் மிதித்துவிட்ட வேலை அடுத்த மழையைத் தாண்டாது. முறைப்பாட்டில் “பாதை பழுது” என்று மட்டும் எழுதாமல், கிட்ட இருக்கும் மின்கம்ப இலக்கம், எந்தப் பக்கம், கான் அடைத்த இடம், படம் எல்லாவற்றையும் கொடுங்கள். கொந்தராத்து வேலை என்றால் அதன் செலவு மதிப்பீட்டின் பிரதியைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

லயத்தில் இருக்கிறோம். பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா?

முன்பு அப்படித்தான் சொல்லிக் கைவிரித்தார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இப்போது சபை தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசித் தோட்ட மக்களுக்கும் பாதை, குடிநீர் போன்ற வசதிகளைச் செய்து கொடுக்கலாம். அதே ஆண்டுத் தேர்தலின்போது நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகளும் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் வந்தன. ஆகவே “சட்டத்தில் இடமில்லை” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தோட்டத் துரையின் சம்மதக் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராவதற்கு முன் உங்கள் வட்டார உறுப்பினர் மூலமாகவும் செயலாளருக்கு நேராகவும் கோரிக்கையைக் கொடுங்கள். டிசம்பரில் கொடுத்தால் பெரும்பாலும் பிந்திவிடும்.

ஊற்றுத் தண்ணீரை 5,000 லீற்றர் தொட்டியில் சேர்த்துக் கொடுக்கிறோம். குளோரின் எவ்வளவு போடுவது?

30 சதவீத வலுவுள்ள குளோரின் தூள் என்றால், லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் நிறைந்த தொட்டிக்குச் சுமார் 33 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடியில் வெள்ளை மண்டி படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரமாவது விட்ட பிறகே திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் அளவு சரி. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அளந்து பார்க்கும் கருவி இருக்கும். அவரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும்படி அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

மழைக்குத் தண்ணீர் கலங்கி வரும் நாளில் குளோரினைச் சேறே தின்றுவிடும். கூடுதலாகக் கொட்டுவதை விட, கலங்கல் நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்புவதே சரி. வாய் திறந்து வைத்த தூளும் நாளடைவில் வலுவிழக்கும்.

சபையிலிருந்து வந்த அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

தமிழில் பெறுவது உங்கள் உரிமை. ஆனால் அறிவித்தலை மூலையில் போட்டுவிடாதீர்கள், அதில் ஆட்சேபனைக்குரிய கடைசித் திகதி இருக்கலாம். தெரிந்த ஒருவரிடம் அன்றே வாசித்துக் கேளுங்கள். பிறகு தமிழ்ப் பிரதி கேட்டு, தமிழிலேயே, செயலாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.